சமூகப் பணியாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பயனாளியின் நிலை தேறியது நம் தலையீட்டால்தான் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? இவ்வாண்டின் பயிற்சிகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்தன.

உறுப்பினர்கள் அளித்த அறிக்கைகளில் பல, தொடக்கத்தில் ஒரு மதிப்பெண், முடிவில் ஒரு மதிப்பெண் என்ற அளவில் நின்றன. அது போதாது. நிலைமை மிக மோசமாகும்போதுதான் மக்கள் உதவி தேடி வருகிறார்கள். யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த அளவீட்டில் கொஞ்சம் தேறித்தான் தெரியும். எனவே தலையீட்டுக்கு முன் குறைந்தது மூன்று முறை அளந்து, வரைபடத்தில் புள்ளியிட்டுப் போக்கைப் பார்க்குமாறு கேட்டுக்கொண்டோம். நெருக்கடியில் வருபவரை இதற்காகக் காக்க வைக்கக் கூடாது. பள்ளி வருகைப் பதிவு போன்ற பழைய ஆவணங்களிலிருந்தே அவரது தொடக்க நிலையைத் திரட்டலாம்.

மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 வினாத்தாளுக்குத் தனி அமர்வு நடந்தது. மொத்த மதிப்பெண் 0 முதல் 27 வரை. அது கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்பதால், வாரந்தோறும் கொடுத்தால் அதே நாட்கள் இருமுறை கணக்கில் வரும். ஓரிரு புள்ளி குறைந்ததை முன்னேற்றம் என்று எழுத வேண்டாம். 5 புள்ளி மாற்றத்தையே பொதுவாகப் பொருட்படுத்துகிறார்கள். ஆலோசகரே வாசித்துக் கேட்டால் அவர் மனம் நோகாத பதில்தான் வரும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வேறொருவர் வாசிக்கட்டும். தற்கொலை எண்ணம் பற்றிய 9ஆம் வினாவுக்குப் பூஜ்யம் தவிர எந்த விடை வந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், பயனாளி கிளம்புவதற்குள் விசாரித்தாக வேண்டும். தாளைக் கோப்பில் வைத்துவிட்டு அடுத்த வாரம் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பது ஆபத்து.

வாசிப்பு வட்டத்தில் அதிகம் விவாதிக்கப்பட்டது, சிறுவர்கள் குற்றப் பாதையில் போகாமல் தடுக்க அமெரிக்காவில் 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சோமர்வில் திட்டம். 506 சிறுவர்களை இணை இணையாகச் சேர்த்து, ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் வழிகாட்டல் அளித்தார்கள். குற்றவியல் ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் 1978இல் வெளியிட்ட தொடராய்வில், உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அது பயன்பட்டதாகவே சொன்னார்கள். ஆனால் குடிநோய், மனநோய், இளவயது மரணம் ஆகியவற்றில், உதவி பெறாத இணையரைவிட அவர்கள் நிலைதான் மோசம். திருப்திப் படிவத்தைச் சான்றாக இணைக்கும் பழக்கத்தை நாம் கைவிட இது ஒன்றே போதும் என்பது என் கருத்து.

நேர்காணல், குழு விவாதம் பற்றிய அமர்வுகளும் நடந்தன. குறிப்புகள் சங்க நூலகத்தில் உள்ளன.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் தீர்மானம்: ஒவ்வோர் அறிக்கையிலும் சேர்ந்தோர், இடையில் நின்றோர், முடித்தோர் எண்ணிக்கை முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நின்றவர்களை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் எந்தத் திட்டமும் வெற்றியாகத்தான் தெரியும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அறிக்கையையும் தீர்மானத்தையும் ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்