வலிப்பு வந்தவரை மலையிறக்கும் முன்: உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளிவந்த ஒரு பழைய ஆய்வைப் பற்றி எழுதுகிறேன். தேர்வுக்காக நீங்கள் படித்த விஷயம்தான். எங்கள் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளுக்கும் படகர் ஊர்களான ஹட்டிகளுக்கும்தான் அது இன்னும் வந்து சேரவில்லை.

1980களில் சி.டி. ஸ்கேன் பரவியபோது, வலிப்போடு வந்த பலரின் மூளையில் சின்னஞ்சிறு வளையம் ஒன்று தெரிந்தது. காசநோய்க் கட்டி என்றார்கள். மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டவருக்கும் வளையம் மறைந்தது, சாப்பிடாதவருக்கும் மறைந்தது! வேலூரில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் திசுவை எடுத்துச் சோதித்தார்கள். பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கி அழியும்போது அதைச் சுற்றி உண்டாகும் வீக்கமே பெரும்பாலும் அந்த வளையம் என்று 1990களில் எழுதினார்கள்.

அதோடு நில்லாமல், மண்டையைத் திறக்காமலே அதை அடையாளம் காண்பதற்கு அளவுகோலும் வகுத்தார்கள். நோய் வலிப்பாக வெளிப்பட்டிருக்க வேண்டும். மூளைக்குள் அழுத்தம் கூடியிருக்கக் கூடாது, கை கால் பலவீனம் நாளுக்கு நாள் முற்றக் கூடாது, உடலில் வேறு தீவிர நோய் இருக்கக் கூடாது. ஸ்கேனில் வளையம் ஒன்றே ஒன்றாக, 20 மில்லிமீட்டருக்கு மிகாமல், மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாமல் இருக்க வேண்டும். நான் வியப்பது இதன் எளிமையைத்தான். கண்ணின் உட்புறம் பார்க்கும் விளக்கு, ஒரு சி.டி. படம், நோயாளி சொல்வதைக் கேட்கும் பொறுமை ஆகியவை போதும். விலையுயர்ந்த கருவியைக் கொண்டாடும் காலத்தில் இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்குக் கைத்தட்டல் குறைவு.

கோத்தகிரிப் பக்கம் தேயிலை பறிக்கும் ஒரு பெண்ணின் மகளுக்கு வலிப்பு வந்தது. கையில் சாவிக்கொத்தைத் திணித்துப் பார்த்த பிறகு, கீழே ஓரிடத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். "மூளையில் டியூமர், உடனே ஆபரேஷன்" என்று பதில் வந்தது. தோடும் சங்கிலியும் அடகுக்குப் போயின. நல்லவேளையாக இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து அளந்தார், கண்ணைச் சோதித்தார், வலிப்பு மாத்திரை மட்டும் எழுதிக் காத்திருக்கச் சொன்னார். சில மாதம் கழித்து எடுத்த படத்தில் வளையம் இல்லை. நகை மட்டும் இன்னும் அடகில்தான் இருக்கிறது.

சமவெளிக்காரருக்கு இரண்டாவது கருத்துக் கேட்பது ஒரு பஸ் டிக்கெட். எங்களுக்கு அது ஒரு நாள் கூலி, மழைக்காலமானால் மண்சரிவுக்குத் தப்பிய மலைப்பாதை. கூடலூர், பந்தலூர்க்காரர்கள் கேரளத்துக்கோ மைசூருக்கோ ஓடுகிறார்கள். 2022-இல் கல்லூரி வந்தபோதும் 2025-இல் புதிய மருத்துவமனை திறந்தபோதும் இந்த ஓட்டம் குறையும் என்றுதான் மகிழ்ந்தோம்.

ஆகவே கேட்கிறேன்: வலிப்போடு வருகிறவரின் ஸ்கேனில் ஒற்றை வளையம் தெரிந்தால், அந்த அளவுகோலை அச்சிட்ட ஒரு தாளில் நிரப்பி, அடுத்த ஸ்கேன் தேதியையும் எழுதி அவர் கையிலேயே கொடுங்கள். பிறகு அவர் எங்கே போனாலும் அந்தத் தாள் பேசும். வளையம் மறைந்தபின் மாத்திரையை எப்போது குறைப்பது, அந்த இடத்தில் சுண்ணாம்பு படிந்த தழும்பு தங்கினால் ஏன் கூடுதல் கவனம் தேவை என்பதையும் அதிலேயே எழுதலாம். அடுப்பருகிலும் நீர்நிலையருகிலும் தனியே விடாதீர்கள் என்ற வரியும் இருக்கட்டும்.

உண்மையான மூளைக் கட்டியைத் தாமதப்படுத்தச் சொல்லவில்லை. காலையில் தலைவலியும் வாந்தியும், பார்வை மங்கல், நாளுக்கு நாள் கூடும் பலவீனம் இருந்தால் ஆம்புலன்ஸ் அன்றே இறங்கட்டும். காத்திருந்தும் வளையம் வளர்ந்தால் முதல் முடிவை மாற்றத் தயங்க வேண்டாம். அந்தத் தாளின் பின்புறத்தில் இதையும் அச்சிடுங்கள்.

இன்னொன்று. "நாங்கள் பன்றிக்கறி தொடுவதே இல்லை, எங்களுக்கு எப்படி?" என்று வீட்டுக்கு வீடு கேட்பார்கள். வேகாத பன்றிக்கறி சாப்பிட்டவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும். அவரது மலத்தில் வெளியேறும் முட்டை, கழுவாத கை வழியாகவோ அசுத்த நீர் பட்ட காய் வழியாகவோ அடுத்தவர் வயிற்றுக்குள்ளோ அவரது வயிற்றுக்குள்ளோ போனால்தான் மூளைக்கு ஆபத்து. சைவ உணவு சாப்பிடுபவருக்கும் வரும் என்பதைச் சொல்ல உங்கள் மாணவர்களை ஊர்களுக்கு அனுப்புங்கள். கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட்டைப் பிடுங்கி மண்ணைத் தட்டிவிட்டுக் கடிக்கும் பிள்ளைகளிடமிருந்து தொடங்கலாம். வலிப்பு வந்தவர் வீட்டில் மற்றவர்களுக்கும் மலப் பரிசோதனை செய்தால் நல்லது. எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர்கள் மல மாதிரியைச் சேகரித்து அனுப்புவார்கள். டப்பாவையும் படிவத்தையும் மட்டும் நீங்கள் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
கோத்தகிரி வட்டம்