முழங்கால் மாற்றியவர்களுக்குக் குளிசை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்கட்கு,

முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் இப்போது எங்கள் ஒழுங்கைகளில் குறைவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு அனுப்புகிறார்கள், தையல் வெட்டி ஆள் வீட்டுக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். ஆனால் மாதக்கணக்காகியும் நோவு போகாதவர்கள் ஐந்தில் ஒருவர் வரை இருக்கிறார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவைப்பார் இல்லை.

என் மாமிக்கும் அதே கதைதான். ஒரு கிழமைக்கென வைத்தியர் எழுதிய ட்ரமடோல் என்ற நோவுக் குளிசையின் மருந்துத் துண்டை வைத்துக்கொண்டு பார்மசியில் திரும்பத் திரும்ப வாங்க முடிந்தது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அது மோர்பின் இனத்துக் குளிசை. மலச்சிக்கல், தலைசுற்று, நாள்பட நாள்பட அதே அளவு வேலை செய்யாமல் போவது எல்லாம் கூடவே வரும். எழுபது வயதில் இரவில் கிறுகிறுத்து விழுந்தால் புது மூட்டும் போச்சு, இடுப்பும் போச்சு. நிற்பாட்டுவதென்றாலும் வைத்தியரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மாமிக்கும் அப்படித்தான் குறைத்தோம்.

அப்புறம் கைகொடுத்தது பிசியோதெரபிதான். பாசத்தில் எல்லா வீட்டிலும் முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கிறோம். அப்படியே பழகினால் கால் முழுதாக நிமிராது. துவாயைச் சுருட்டிக் குதிக்காலுக்குக் கீழே வைத்து, முழங்காலைக் கட்டிலை நோக்கி அழுத்தச் சொன்னார்கள். முதலில் மாமி பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தார். பனடோலையும் நோவு உச்சிக்கு ஏறிய பிறகு போடாமல், வைத்தியர் சொன்ன அளவில், பயிற்சிக்கு அரை மணி முன்னர் போடுகிறார். பயிற்சி முடிய, துணியில் சுற்றிய ஐஸ் கால் மணி நேரம். 'குளிர் ஏறிவிடும்' என்று அயலட்டை பயமுறுத்தியது, வீக்கம் என்னவோ வற்றியது. திருவலை இப்போது மேசைக்கு ஏறிவிட்டது; நின்றபடிதான் தேங்காய் திருவுகிறார். நோவு முற்றாகப் போகவில்லை, ஆனால் கோயில் வீதி சுற்றுகிறார்.

டைக்ளோபெனாக் என்ற நோவுக் குளிசையை மட்டும் வைத்தியரைக் கேட்காமல் வாங்கிப் போடாதீர்கள், வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது பதம் பார்க்கும். கால் திடீரெனச் சிவந்து கொதித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, நோவு புதிதாக ஏறினாலோ பயிற்சியை விட்டுவிட்டு உடனே சத்திரசிகிச்சை நிபுணரிடம் போக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போதே படத்துடன் தமிழில் ஒரு பயிற்சித் தாளும், பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி என்று அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கு ஒரு கடிதமும் தந்தால் என்ன? முழங்கால் மாற்றியவர் ஒவ்வொரு முறையும் பஸ் படியில் ஏறி யாழ் நகருக்கு வருவதென்பது லேசான காரியமா? பழைய துண்டுக்கு ட்ரமடோல் கொடுக்கும் பார்மசிகளையும் சுகாதாரத் திணைக்களம் ஒருக்கால் எட்டிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கோண்டாவில்.