மூண்டாவது பல்லைப் பிடுங்காதை

மாங்குளம்,
ஆடி 12

அன்பு தவம்,

மாசக்கணக்காக் கடிதம் போடாதது என்ர பிழை. இஞ்ச எல்லாரும் சுகம், பெரியக்காவும் சுகம்.

ரெண்டு பல்லுப் பிடுங்கியும் நோ நிக்கேல்லை, மூண்டாவதும் பிடுங்கப் போறாய் எண்டு உன்ர தங்கச்சி சொன்னா. மச்சான், கும்பிட்டுக் கேக்கிறன், பொறு.

பல்லுக்குத்து மணிக்கணக்காக் கிடந்து உளையும். உனக்கு அப்பிடியில்லையே. சோளகக் காத்து கன்னத்தில படேக்க, முகம் வழிக்கேக்க, ஒரு பக்கம் மட்டும் கறண்ட் அடிச்ச மாதிரி வெட்டி, சில செக்கனில விடுதெல்லோ? அது பல்லில்லை, முகத்துக்கு உணர்ச்சி குடுக்கிற ஐஞ்சாம் மண்டை நரம்பின்ர நோ (ட்ரைஜெமினல் நியூரால்ஜியா எண்டுவினம்). அனேகமா மூளைத்தண்டுக்குக் கிட்ட ஒரு ரத்தநாடி அந்த நரம்பை அழுத்தி, உறையைத் தேய்ச்சுப்போடும். பிறகு காத்துப் பட்டாலும் நோதான். அந்த நரம்பின்ர கிளையள்தான் தாடைக்கும் போகுது. அதால பல்லெண்டு நினைச்சு எத்தினை பேர் நல்ல பல்லைக் குடுத்திட்டினம்! பரசிற்றமோலும் இதுக்குக் கேளாது.

நரம்பு கிளினிக்குக்குப் போ. வேற கட்டி கிட்டி இல்லையெண்டு பாக்க எம்.ஆர்.ஐ. எடுப்பினம். முதல் மருந்து அனேகமா காபமசெப்பின். 200 மில்லிகிராம் குளிசையில பாதி காலமை, பாதி இரவு எண்டு தொடங்கி, டொக்டர் சொல்லச் சொல்லக் கூட்டவேணும். அவசரப்பட்டுக் கூட்டினால் தலை சுத்தும், அந்த நாளில ஏ9 றோட்டில மோட்டச்சைக்கிள் வேண்டாம், கள்ளும் வேண்டாம் (முகத்தைச் சுழிக்காதை!). நோ விட்டிட்டுதெண்டு நீயாத் திடீரெண்டு நிப்பாட்டாதை. ஆனா தோலில தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் அடுத்த குளிசை போடாமல் அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு. தொடங்கின முதல் மூண்டு மாசம் இதில சரியான கவனம். ரத்தத்தில சோடியமும் குறையலாம், அதால ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதை. குளிசையை அடுப்படித் தட்டில வையாதை. ஈரம் பட்டால் இறுகி, வேலை செய்யிறது குறைஞ்சிடும்.

சாப்பாட்டுக்கு ஒரு வழியிருக்கு. நோ ஒருக்கா வெட்டி முடிய நரம்பு கொஞ்ச நேரம் அடங்கும். அந்த இடைவெளிக்குள்ள சொதி விட்டுக் குழைச்ச இடியப்பத்தை நோகாத பக்கத்தால விழுங்கிப்போடு. கிணத்துத் தண்ணியில முகம் கழுவாதை, வெதுவெதுப்பா எடு. வெளிய போகேக்க கன்னத்தைச் சால்வையால மூடு.

மருந்து கேளாட்டி, நரம்பை அழுத்திற அந்த ரத்தநாடியை விலத்தி வைக்கிற ஒப்பரேசனும் இருக்கு. அது பிறகு பாப்பம்.

கிளினிக் திகதியை உடனே எழுது. நானும் கூட வாறன்.

அன்புடன்,
ராசன்