வரவிருக்கும் கணக்கெடுப்பும் கடலூரின் தனி அடுப்புகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் முதற்கட்டமான வீட்டுப்பட்டியல் பணி பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் கைபேசிச் செயலி, இணையத்தில் நாமே விவரங்களைப் பதியும் வசதி, இரண்டாம் கட்டத்தில் கேட்கப்படவுள்ள சாதி விவரம் ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றன. இவை பேசப்பட வேண்டியவைதாம். ஆனால் கடலூர் போன்றதொரு கரையோர மாவட்டத்தில் கணக்கு சரியாக அமைவதும் பிசகுவதும் இவை எல்லாவற்றையும்விட எளிய ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. ஒரு வீட்டுக்குள் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன என்பதே அக்கேள்வி. ஆசிரியப் பணியில் இருந்தபோது 2001, 2011 ஆகிய இரண்டு கணக்கெடுப்புகளிலும் வீடு வீடாகச் சென்று வந்தவன் என்ற முறையில், இக்கேள்வி நம் ஊரில் எவ்வளவு எளிதாகத் தவறான விடையைப் பெறுகிறது என்பதைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

கணக்கெடுப்பின் விதிப்படி, வழக்கமாக ஒன்றாக வாழ்ந்து, ஒரே சமையலில் உண்பவர்கள் ஒரு குடும்பம். இரத்த உறவு அதற்குக் கட்டாயமில்லை. சிப்காட் ஆலைகளில் வேலை பார்ப்பதற்காக வடமாநிலங்களிலிருந்து வந்து, குடிகாடு பக்கம் ஒரே அறையில் தங்கி, முறைவைத்துச் சமைத்துச் சாப்பிடும் இளைஞர்கள் ஒருவருக்கொருவர் எந்த உறவும் இல்லாதவர்களாயினும் கணக்கில் ஒரே குடும்பம்தான். ஆனால் ஒரே கூரையின் கீழ் அண்ணன் முன்கட்டிலும் தம்பி பின்கட்டிலுமாகத் தனித்தனியே உலை வைத்தால் அவர்கள் இரண்டு குடும்பங்கள். மின் இணைப்பு ஒன்றா இரண்டா, வீட்டு வரி யார் பெயரில் வருகிறது, ரேஷன் கார்டில் யார் யார் பெயர் இருக்கிறது என்பவற்றுக்கும் இந்த விதிக்கும் தொடர்பே இல்லை.

இதில் என்ன பெரிய வேறுபாடு வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டின் பழைய எண்களையே விடையாகத் தரலாம். 2001-இல் 6.24 கோடியாக இருந்த மாநில மக்கள் தொகை 2011-இல் 7.21 கோடியானது, அதாவது ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்ட உயர்வு. அதே பத்தாண்டுகளில் குடும்பங்களின் எண்ணிக்கையோ சுமார் 1.42 கோடியிலிருந்து 1.85 கோடியாகி, 30 விழுக்காடு உயர்ந்துவிட்டது. தலைகள் பெருகிய வேகத்தைப் போல் இருமடங்கு வேகத்தில் அடுப்புகள் பெருகியிருக்கின்றன. வீடு, குடிநீர் இணைப்பு, கழிப்பறை, சமையல் எரிவாயு என அரசு தருகின்ற பலவும் தலைக்கு இவ்வளவு என்றில்லாமல் குடும்பத்துக்கு ஒன்று என்றே தரப்படுவதால், மொத்த மக்கள் தொகையைவிடக் குடும்பக் கணக்கே திட்டமிடுவோருக்கு அதிகம் வேண்டியது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனதால், நகராட்சியாக இருந்த கடலூர் 2021-இல் மாநகராட்சியாகி 45 வார்டுகள் பெற்ற பின்னரும் நம்மிடம் இருப்பது 1,73,636 பேர் என்ற 2011-ஆம் ஆண்டுக் கணக்குதான்.

கடற்கரைக் குப்பங்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. 2004 டிசம்பர் 26 அன்று மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சுனாமிக்குப் பிறகு கட்டித்தரப்பட்ட வீடுகள், அன்றிருந்த குடும்பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வழங்கப்பட்டவை. அன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றவர்களாகிவிட்டார்கள். வீடு மட்டும் அதே அளவில்தான் நிற்கிறது. அத்தகைய வீடு ஒன்றுக்கு அண்மையில் போயிருந்தேன். முன்னறையைப் புடவைத் திரையால் தடுத்து மூத்த மகனும் மருமகளும் இருந்தனர். உள்ளறை பெற்றோருக்கு. பின்சுவரை ஒட்டி நீலநிறத் தகரத்தைச் சாய்த்து இறக்கிய இடத்தில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் உயரத்தில், இளைய மகனின் குடித்தனம். அங்கே ஒரு சிலிண்டர், உள்ளே சமையல் மேடையில் மூத்த மருமகளின் சிலிண்டர், மாடிப்படிக்கு அடியில் மாமியாரின் விறகடுப்பு. எத்தனை குடும்பம் இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அந்த அம்மாள் தயங்காமல், “ஒரே குடும்பம்தான் சார், ஒரே கார்டுதான்” என்றார். சோறு எங்கெங்கே ஆகிறது என்று கேட்டபோதுதான், “அதுவா, அவங்க அவங்களுக்குத் தனித்தனி” என்று பதில் வந்தது. சண்டை ஒன்றும் இல்லையாம்; ஒரு மகன் விசைப்படகுக்கும் இன்னொருவன் ஆலை ஷிப்டுக்கும் போவதால் ஒரே நேரத்தில் உலை வைக்க முடிவதில்லை என்று அவரே சேர்த்துச் சொன்னார்.

இந்த வீட்டை ஒரே குடும்பம் என்று குறித்துக்கொண்டு போனால் ஒரு பெரிய கூட்டுக்குடும்பம் நல்லபடி வாழ்கிறது என்ற தோற்றமே பதிவாகும். மூன்று குடும்பம் என்று சரியாகக் குறித்தால் நிலைமை வேறாகத் தெரியும். குடும்பத்தின் வசத்தில் உள்ள வசிப்பறைகள் எத்தனை, அதில் வாழும் தம்பதியர் எத்தனை பேர் என்பவை வீட்டுப்பட்டியலுக்கான 33 கேள்விகளில் இடம்பெறுகின்றன. கடந்த கணக்கெடுப்பின் அறிவுரைப்படி, இரண்டு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் முறையான சுவர்களும் இருந்தால்தான் அது வசிப்பறை. தனியாக உள்ள சமையலறையும் நடைபாதையும் தாழ்வாரமும் அறைக்கணக்கில் சேரா. அந்தத் தகரச் சாய்ப்பு இந்த அளவுக்குள் வராது. எனவே இளைய மகனின் குடித்தனம் “தனி அறை இல்லாத குடும்பம்” என்ற வகைக்குள் போகும். அப்படியொரு வகையே கணக்கெடுப்பு அட்டவணைகளில் தனியாக இருக்கிறது. புதிதாக வீடு கட்டித் தர நினைக்கும் எந்த அரசும் முதலில் தேடவேண்டியது அந்த எண்ணிக்கையைத்தான். நம் குப்பங்களில் அது குறைவாகத் தெரிகிறது என்றால் நெருக்கடி இல்லை என்று பொருளல்ல. அது மூத்தவர்களின் ரேஷன் கார்டுக்குள் மறைந்து கிடக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

மக்கள் ஏன் உண்மையைச் சொல்லத் தயங்குகிறார்கள் என்பதும் தெரிந்த விஷயம்தான். தனிக் கார்டு கேட்டு விண்ணப்பித்தால் தனிச் சமையல் இருக்கிறதா என்று வீட்டுக்கு வந்து பார்க்கிறார்கள். 2023 செப்டம்பரிலிருந்து வழங்கப்படும் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாயும் கார்டுக்கு ஒருவருக்குத்தான். ஆகவே ஒரே கார்டில் மூன்று அடுப்பு எரிகின்ற வீட்டில், உண்மையைச் சொன்னால் இருக்கிற கார்டுக்கே வினை வந்துவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். வேறு சிலர், நகர்ப்பகுதியில் இதை நிறையவே பார்க்கலாம், ஒன்றாகவே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு கார்டு வைத்திருப்பதால், கணக்கெடுப்பாளரிடமும் இரண்டு குடும்பம் என்றே சொல்லிவிடுகிறார்கள். கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். கூடுதல் ஒரு வார்டிலும் குறைவு இன்னொரு வார்டிலும் விழுந்தால் இரண்டு வார்டுகளின் கணக்கும் பிழைதான். இணையத்தில் தாமே பதிவு செய்யும்போது, சென்னையில் இருக்கும் மகன் கார்டைப் பார்த்துப் பெயர்களை நிரப்பிவிட்டால் இந்தப் பிழை இன்னும் உறுதிப்பட்டுவிடும்.

குடும்பத் தலைவர் யார் என்பதிலும் இதே குழப்பம்தான். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை தொடங்கிப் பண்ருட்டி சுற்றுவட்டாரம் வரை வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ கணவன் வேலை பார்க்க, மனைவி இங்கே வீட்டை நடத்தும் குடும்பங்கள் ஏராளம். வழக்கமாக இங்கே வசிக்காதவரைத் தலைவராகக் குறிக்கக்கூடாது என்பது விதி. பணம் யார் அனுப்புகிறார் என்பது தலைமையைத் தீர்மானிப்பதில்லை. இருந்தும் பல வீடுகளில் வாசலுக்கு வரும் பெண் கணவரின் பெயரையே சொல்வார். அதுவும் இல்லையென்றால் மாமனாரின் பெயர். பெண்கள் பொறுப்பேற்று நடத்தும் குடும்பங்கள் இம்மாவட்டத்தில் எத்தனை என்பது இதனால் சரியாகத் தெரிவதே இல்லை. (கணவர் பெயரைச் சொல்லும் வழக்கமில்லாத பெண்களை அதற்காக வற்புறுத்த முடியாது என்று 1948-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் தன் 8-ஆம் பிரிவிலேயே விலக்கு அளித்திருக்கிறது என்பது கணக்கெடுப்பாளர்கள் பலருக்கே புதிய செய்தியாக இருக்கலாம்.)

மொத்த எண் எதையெல்லாம் மறைக்கும் என்பதற்கு நம் மாவட்டமே சான்று. 2011-இல் 26,05,914 பேர் இருந்த கடலூர் மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 987 பெண்கள். பார்ப்பதற்குக் குறையொன்றும் இல்லை. ஆறு வயது வரையிலான குழந்தைகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோதுதான் ஆயிரம் சிறுவர்களுக்கு 896 சிறுமியரே இருப்பது வெளிப்பட்டது. குடும்பங்களையும் அப்படிப் பிரித்து எண்ணினால்தான் வீட்டு நெருக்கடி வெளிப்படும்.

புதுச்சேரி எல்லையை ஒட்டியவர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. முள்ளோடைக்கு இந்தப் பக்கம் ஒரு முகவரியும் அந்தப் பக்கம் ஒரு முகவரியும் வைத்திருப்போர் உண்டு. 2001-க்கும் 2011-க்கும் இடையே புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள் தொகை 28 விழுக்காடு உயர, கடலூர் மாவட்டம் 14 விழுக்காட்டோடு நின்றது. வேலை, வாடகை, படிப்பு எனக் குடிபெயர்ந்தவர்கள் இதில் உண்டு. யாராயினும் வழக்கமாக எங்கே தங்கி உண்கிறார்களோ அங்கே மட்டுமே பதிவாக வேண்டும்.

2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் ஒவ்வொரு மாநிலமும் தெரிவு செய்யும் முப்பது நாட்களில் வீட்டுப்பட்டியல் பணி நடைபெறுகிறது. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு தலைக்கணக்கு எடுக்கப்படும். முதற்கட்டத்தில் விடுபட்ட குடும்பத்தை இரண்டாம் கட்டத்தில் தேடிப் பிடிப்பது எளிதல்ல. ஆகவே மாவட்ட நிர்வாகமும் மாநகராட்சியும் இப்போதே சிலவற்றைச் செய்ய வேண்டும். எத்தனை குடும்பம் என்று கேட்காமல், இந்த வீட்டில் எத்தனை இடத்தில் சமையல் நடக்கிறது என்று கேட்டுத் தொடங்கும்படி பயிற்சி வகுப்பிலேயே கணக்கெடுப்பாளர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்ளும் பழக்கத்தை அறவே தடுக்க வேண்டும். நேரம் மிச்சமாகிறது என்பதற்காக அந்த வழியை நாடும் சக ஆசிரியர்களை நான் அறிவேன். ஓர் ஆசிரியருக்கு ஒதுக்கப்படும் வீடுகளின் எண்ணிக்கையையும் வெயிலையும் பார்த்தால் அவர்கள் மேல் முழுப்பழியையும் போட மனம் வரவில்லை. கணக்கெடுப்பில் தரப்படும் தனிநபர் விவரங்களை வேறெவரும் பார்வையிட முடியாது, அவற்றை வழக்குகளில் சாட்சியமாகவும் ஏற்க முடியாது என்று மேலே சொன்ன 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்வதை, உணவு வழங்கல் துறை அதிகாரியே மேடையேறி எடுத்துச் சொன்னால் மக்கள் நம்புவார்கள்.

மீனவர் ஊர்களுக்குக் காலையில் ஆள் அனுப்புவதில் பயனில்லை. படகு கரை திரும்பும் நேரத்தில் ஆண்கள் துறைமுகத்திலும் பெண்கள் மீன்கூடையோடு சந்தையிலும் இருப்பார்கள். வீட்டில் கிழவியும் குழந்தையும்தான். மாலை நேரமே ஏற்றது. கணக்கெடுப்பாளர் வரும் நாட்களை அறிவிக்கும் தட்டியை வழக்கம்போல ரேஷன் கடை வாசலில் கட்டிவிட்டு, இதற்கும் கார்டுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தால் யார் கேட்பார்கள்? மீன் ஏலக்கூடத்திலும் ஊர்ப் பஞ்சாயத்துக் கூடும் இடத்திலும் அதை வைக்குமாறு அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கடலூர் முதுநகர்.