ஒஜுவெலெக்பா மேம்பாலத்தடி ஓசி வாசகர் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய சங்கத்தாருக்கு,

வணக்கம். லாகோஸ் நகரின் ஒஜுவெலெக்பா மேம்பாலத்தடியில், பத்திரிகைக்காரர் பலகையை விரித்து நாளிதழ்களை அடுக்கி முடித்ததும் ஒரு காசும் கொடுக்காமல் தலைப்புச் செய்திகளைப் படித்துவிட்டு, அங்கேயே நின்று வாதாடும் உங்களை, நைஜீரியா முழுவதும் வழங்கும் கேலிப் பெயராலேயே விளிக்கிறேன். அந்தப் பெயரைத் தமிழில் சொன்னால் ஓசி வாசகர் சங்கம் என்றுதான் வரும். பதிவு எண் கிடையாது, சந்தா கிடையாது, தலைவர் தேர்தலும் கிடையாது. தேர்தல் இல்லாததால்தான் இந்தச் சங்கம் இத்தனை காலம் உடையாமல் இருக்கிறது என்று உங்களில் ஒருவரே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். 2009-இல் பிளாஸ்டிக் சாமான்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவுக்கு வந்து சேர்ந்து, வேலைக்குப் போகும் வழியில் தினமும் ஒரு பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கி, அதனாலேயே உங்கள் சங்கத்தில் சேரும் தகுதியை இழந்து, ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பவன். நீங்கள் 'மாஸ்டர்' என்று கூப்பிடும் இந்தியன். கோபமும் அன்பும் கலந்த ஒன்றை எழுத எனக்குத் தமிழை விட்டால் வேறு மொழி இல்லை. இதே ஊரில் பிழைக்க வந்த தமிழர்கள் சிலரும் இதைப் படிப்பார்கள். உங்களுக்கு இதன் சாரத்தை, இங்கே தெருவில் வழங்கும் கலப்பு ஆங்கிலமான பிட்ஜினில், எனக்குத் தெரிந்த அரைகுறையில், நானே நேரில் சொல்லிவிடுகிறேன். சிரிப்பீர்கள், பரவாயில்லை.

உங்கள் வாதங்கள் எப்போதும் இரண்டே பொருளைச் சுற்றி வருகின்றன. ஒன்று நாட்டை ஆள்பவர்கள், மற்றொன்று கால்பந்து. பெட்ரோல் விலையில் தொடங்கும் பேச்சு பத்து நிமிடத்தில் பழைய ஆட்டக்காரர் ஒகோச்சாவின் கால்களில் போய் நிற்கும். பயிற்றுநரைத் திட்டத் தொடங்கியவர் செனட்டரைத் திட்டி முடிப்பார். இதில் எனக்குக் குறையே இல்லை. என் குறையெல்லாம், முதல் பொருளைப் பேசும்போதும் இரண்டாம் பொருளைப் பேசும்போதும் நீங்கள் இரண்டு வேறு மனிதர்களாக இருக்கிறீர்கள் என்பதுதான்.

கால்பந்துக்கு வந்தால் உங்களைப் போன்ற கணக்கர்களை நான் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை. 1994 உலகக் கோப்பையில் நைஜீரியா இத்தாலியிடம் தோற்ற ஆட்டத்தைப் பற்றி யாராவது பொதுவாக ஒரு வார்த்தை சொன்னால், பாஜியோ கோல் போட்டது 88-ஆவது நிமிடம், அடுத்த கோல் கூடுதல் நேரத்தில் பெனால்டியில் வந்தது என்று இரண்டு பேர் ஒரே மூச்சில் திருத்துவீர்கள். 2000-ஆம் ஆண்டு ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியாட்டத்தில், இதோ நடந்து போகும் தொலைவில் இருக்கும் சுருலேரே தேசிய விளையாட்டரங்கில், விக்டர் இக்பெபா அடித்த பெனால்டி குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்ற வழக்கு உங்கள் மன்றத்தில் இன்னும் நிலுவையில் இருக்கிறது. நடுவர் கோல் இல்லை என்றார், கேமரூன் கோப்பையைக் கொண்டுபோனது, கால் நூற்றாண்டும் ஓடிவிட்டது. ஆனாலும் பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுப் பந்து விழுந்த இடத்தைக் காட்டும் பெரியவர், தாம் சாகும்வரை அந்தத் தீர்ப்பை ஏற்கப்போவதில்லை என்கிறார். அவர் கையில் சுண்ணாம்புக் கட்டி எப்போதும் இருக்கிறது என்பதே எனக்கு ஆச்சரியம்.

அதே பெரியவர், அதே பலகைக்கு முன்னால், தாம் ஆதரிக்கும் தலைவரைப் பற்றிய பேச்சு வந்ததும் கணக்கை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார். எந்த ஆண்டு என்ன சொன்னார், எவ்வளவு ஒதுக்கினார், எவ்வளவு செலவானது என்று கேட்டால், 'உன் ஆள் மட்டும் என்ன செய்தான்?' என்பதுதான் பதில். எதிரில் நிற்பவரும் அதையே திருப்பிச் சொல்வார். பிறகு யார் எந்தப் பகுதி, எந்த இனம் என்று பார்த்து வடக்கு, கிழக்கு, மேற்கு என்று திசைகள் வரும். திசைகள் வந்தபின் எண்கள் வாயைத் திறப்பதில்லை.

இராணுவ ஆட்சியாளர் அபாச்சாவைப் பற்றிய வாதத்தை நினைத்துப் பாருங்கள். 1994-இல் துனிசியாவில் ஜாம்பியாவை 2-1 என்று வென்று ஆப்பிரிக்கக் கோப்பையைக் கொண்டுவந்த அணி, 1996-இல் தென்னாப்பிரிக்காவில் அந்தக் கோப்பையைக் காக்கப் போயிருக்க வேண்டும். 1995 நவம்பர் 10 அன்று, ஒகோனி மக்களின் உரிமைக்குப் போராடிய எழுத்தாளர் கென் சாரோ-விவாவும் அவருடன் எட்டு ஒகோனிக்காரர்களும் அந்த ஆட்சியால் தூக்கிலிடப்பட்டார்கள். தென்னாப்பிரிக்க அதிபர் மண்டேலா கடுமையாகக் கண்டித்தார். இராணுவ ஆட்சியாளர் அணியை அனுப்ப மறுத்தார். ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 1998 போட்டிக்கும் சேர்த்துத் தடை விதித்தது. இடையில், 1996-இல், அரையிறுதியில் பிரேசிலை 4-3, இறுதியில் அர்ஜென்டினாவை 3-2 என்று வீழ்த்தி ஒலிம்பிக் தங்கம் வாங்கிய தலைமுறை அது. உங்களில் ஒருவர், 'எவனுக்கும் பணியாத தலைவன் அபாச்சா, அவர் காலத்தில்தான் தங்கம் வந்தது' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அவருக்கு, பிரேசிலுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் ஆட்டத்தையே முடித்துவைத்த கனுவின் தங்க கோல் நினைவிருக்கிறது. அதே ஆட்சியால் அந்த வீரர்கள் இரண்டு ஆப்பிரிக்கக் கோப்பைகளை இழந்தது மட்டும் அவர் பேரேட்டில் ஏறவே இல்லை. வரவை எழுதிப் பற்றை விட்டுவிடும் குமாஸ்தாவை நான் ஒரு வாரம்கூட வேலையில் வைத்திருக்க மாட்டேன்.

2010-இல் நான் இங்கு புதியவன். தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவிடமும் கிரீஸிடமும் தோற்று, தென் கொரியாவுடன் 2-2 என்று முடித்து முதல் சுற்றிலேயே அணி திரும்பியபோது, யாக்குபு ஆளில்லா வலைக்கு வெளியே தட்டிவிட்ட அந்தப் பந்தைப் பற்றி நான்கு நாள் பேசினீர்கள். ஜூன் 30 அன்று அதிபர் குட்லக் ஜோனத்தன், தேசிய அணியை இரண்டு ஆண்டுகளுக்குச் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலக்குவதாக அறிவித்தார். பலகையடியில் கைதட்டல் எழுந்தது! கடைசியில் ஒரு தலைவன் நடவடிக்கை எடுத்தான் என்றீர்கள். அரசு தலையிட்டால் நாட்டையே இடைநீக்கம் செய்வோம் என்று ஃபிஃபா கெடு வைக்க, ஒரே வாரத்துக்குள் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அதற்கும் ஒரு பகுதியினர் கைதட்டினீர்கள். அந்த வாரம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அணிக்காக ஒதுக்கிய பணம் எங்கே போயிற்று, அதன் கணக்கு எங்கே என்பது. அது அறிவிப்புக்கும் வாபஸுக்கும் நடுவில் காணாமல் போனது.

தலைவர்களுக்கு உங்களைப் பற்றி நன்றாகத் தெரியும் என்பதுதான் என் சந்தேகம். கோப்பை வந்தால் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், தோற்றால் கோபிக்கிறார்கள், இரண்டுக்கும் செலவில்லை. 1980-இல் சுருலேரேயில் அல்ஜீரியாவை 3-0 என்று வென்ற அணிக்கு அதிபர் ஷகாரி வீடும் காரும் கொடுத்தார் என்பதை இங்கே எல்லோரும் மரியாதையோடு சொல்கிறீர்கள். 1994 அணிக்கும் வீடுகள் அறிவிக்கப்பட்டன. அவற்றுக்காகக் காத்திருந்தவர்கள் பலருக்கு ஒதுக்கீட்டு உத்தரவு வந்தது 2022-இல், புஹாரியின் ஆட்சியில். 28 ஆண்டுகள் கழித்து. நடுவே எத்தனை ஆட்சி மாறியது என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். அந்த அணியில் ஆடிய யெக்கினி, பல்கேரியாவுக்கு எதிராகக் கோல் போட்டுவிட்டு வலையைப் பற்றிக்கொண்டு அழுத அதே யெக்கினி, 2012-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

2024 பிப்ரவரியில் இறுதியாட்டத்தில் ஐவரி கோஸ்ட்டிடம் 2-1 என்று தோற்றுத் திரும்பிய அணிக்கு அதிபர் தினுபு தேசிய விருதும் அபுஜாவில் அடுக்குமாடி வீடும் மனையும் அறிவித்தபோது, தோற்றவர்களுக்கு எதற்கு வீடு என்று பாதிப் பேரும், வெள்ளி வென்றவர்களை வாழ்த்தத் தெரியாதவர்கள் என்று மீதிப் பேரும் சண்டையிட்டீர்கள். சாவி எப்போது கைக்கு வரும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அறிவிப்பை ரசீது என்று எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் எனக்குத் தாங்கவில்லை. போனஸ் கதையும் அப்படியே. 2013-இல் நமீபியாவிலிருந்து பிரேசிலுக்கு விமானம் ஏற வீரர்கள் மறுத்தார்கள்; 2014-இல் பிரான்சுடனான ஆட்டத்துக்கு முன் பயிற்சியைப் புறக்கணித்தார்கள்; 2025 நவம்பரில் ரபாத்தில், உலகக் கோப்பைத் தகுதிக்கான ஆட்டங்களுக்கு முன்பும் அதுவே நடந்தது. காபோனை 4-1 என்று வென்று, மூன்று நாளில் காங்கோ ஜனநாயகக் குடியரசிடம் பெனால்டியில் தோற்றுத் தொடர்ந்து இரண்டாம் முறையாக உலகக் கோப்பை கைவிட்டுப் போயிற்று. மறுநாள் காலை நீங்கள் பேசியதெல்லாம், எதிரணியினர் மந்திரம் வைத்தார்கள் என்று நம் பயிற்றுநர் சொன்னது சரியா என்பதுதான். சுவையான பேச்சுதான், மறுக்கவில்லை. நானும் வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.

இனி நான் சொல்லத் தயங்கும் ஒன்று. 2023 பிப்ரவரி 25 அன்று நடந்த அதிபர் தேர்தலில் லாகோஸ் மாநிலத்தில் தினுபுவைவிட, இக்போ இனத்தவரான எதிர்க்கட்சி வேட்பாளர் பீட்டர் ஒபிக்குக் கூடுதல் வாக்குகள் விழுந்தன. மார்ச் 18 அன்று ஆளுநர் தேர்தல் வந்தபோது, இக்போக்காரர்கள் போலத் தெரிந்தவர்களைச் சில வாக்குச்சாவடிகளில் மிரட்டி விரட்டினார்கள். நம் பலகையடியில் நிற்கும் உதிரிப்பாகக் கடைக்காரர், இங்கிலாந்துக் கால்பந்துக் குழுவான அர்செனலின் சட்டையைத் தவிர வேறு சட்டையே இல்லாதவர் என்று நீங்கள் கேலி செய்யும் மனிதர், அன்று முதல் வரவில்லை. முதல் இரண்டு நாள் யாரும் அவரைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் சுண்ணாம்புக் கட்டிப் பெரியவர், யாரையும் பார்க்காமல், பத்திரிகைக்காரரிடம் மட்டும் மெல்லிய குரலில், 'அந்த அர்செனல் வந்தானா?' என்று கேட்டார். அதன்பின் தினமும் கேட்டார். கடைக்காரர் வாக்களிக்கும் தெரு அவருடைய தெருவும்தான் என்பதும், அன்று அங்கே நின்ற இளைஞர்களில் சிலரை அவருக்குப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குத் தெரியும் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

ஏப்ரல் 3, திங்கட்கிழமை. சனிக்கிழமை அர்செனல் லீட்ஸை 4-1 என்று வென்று, புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் வந்தார். சிவப்புச் சட்டை இல்லை, சாதாரணச் சாம்பல் சட்டை. பெரியவர் விலகி, பலகைக்கு நேர் எதிரே அவருக்கு இடம் விட்டார். மே மாதத்துக்குள் உன் அணி வழுக்கி விழுந்துவிடும் என்றார். விழாது என்றார் இவர். அரை மணி நேரம் கத்தினீர்கள். பெரியவர் சொன்னபடியே அர்செனல் வழுக்கியது, அது வேறு விஷயம். எனக்கு அன்று கண் கலங்கியது உண்மை. ஆனால் அந்த அரை மணி நேரத்திலும் அதற்குப் பின்னும், மார்ச் 18 அன்று என்ன நடந்தது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கால்பந்து அவரைத் திரும்ப அழைத்து வந்தது. அதே கால்பந்துதான் அந்த நாளை மூடிப் புதைக்கவும் உதவியது. சங்கம் உடையாமல் இருப்பதற்கு இவ்வளவு விலை கொடுக்கத்தான் வேண்டுமா?

ஆகவே ஒரு விண்ணப்பம். திங்கட்கிழமை தோறும் பத்திரிகைக்காரர் இங்கிலாந்து லீக்கின் புள்ளிப் பட்டியலைக் கத்தரித்துப் பலகையின் வலது மூலையில் ஒட்டுகிறார். அதற்குக் கீழே ஓர் அட்டை மாட்ட அவரிடம் அனுமதி கேட்டேன். விளையாட்டுப் பத்திரிகையை மறைக்காமல் இருந்தால் சரி என்றார். யார், எந்தத் தேதியில், என்ன தருவதாகச் சொன்னார், எந்தத் தேதியில் தந்தார் என்று நான்கு பத்திகள். பெட்ரோல் மானியம் போயிற்று என்று 2023 மே 29 அன்று அதிபர் தினுபு அறிவித்தபோது மிச்சப்படும் பணத்தைப் பற்றிச் சொன்னதையும் எழுதலாம். நீங்கள் ஆதரிக்கும் ஆளுநர் சொன்ன சாலையையும் எழுதலாம். கட்சி, இனம், திசை ஆகியவற்றுக்குப் பத்தி கிடையாது. இக்பெபாவின் பந்துக்குக் காட்டும் பிடிவாதத்தில் பாதியைக் காட்டினால் போதும். மார்ச் 18-ஐ எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதை நீங்களே முடிவு செய்யுங்கள், ஆனால் கடைக்காரர் இருக்கும்போது முடிவு செய்யுங்கள்.

முதல் வரியாக, சுருலேரே விளையாட்டரங்கைச் சீர் செய்வதாக அமைச்சர் மாற மாறச் சொல்லிவந்ததை எழுதலாம் என்பது என் யோசனை. 1989-இல் சாமுவேல் ஒக்வராஜி ஆடிக்கொண்டிருக்கும்போதே சரிந்து உயிர்விட்ட புல்தரை அது. தேசிய அணி அங்கே ஆடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. வேறு வரி வேண்டுமென்றால் வாதாடி முடிவு செய்யுங்கள். வரும் திங்கட்கிழமை அட்டையும் நூலும் நான் கொண்டுவருகிறேன். மை பேனா வேண்டாம், மழையில் கரைந்துவிடும். எழுதுவது பெரியவராக இருக்கட்டும். சுண்ணாம்புக் கட்டியை மட்டும் அன்று வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காசு கொடுத்து வாங்குவதால் உறுப்பினராக முடியாத,
உங்கள் மாஸ்டர்