‘கொல்லி செல்’ துண்டறிக்கைகளைத் தடுக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பம் பகுதியில் அண்மைக்காலமாக நாளிதழ்களுக்குள் செருகி விநியோகிக்கப்படும் ஒரு துண்டறிக்கை, இயற்கைக் கொல்லி செல்களைப் பெருக்கிக்கொண்டால் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் தேவையில்லை என்று சொல்லி, பொடி டப்பா ஒன்றின் படத்தையும் போட்டிருக்கிறது. நம் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பில் அப்படிச் செல்கள் இருப்பது உண்மை; மற்றதெல்லாம் வியாபாரம்.

ரத்தத்திலுள்ள நிணநீர்ச் செல்களில் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம் வரை இருக்கும் இவை, 1975-இல் கண்டறியப்பட்டவை. நம் செல்கள் பெரும்பாலும் எம்.எச்.சி. என்னும் புரதத்தை மேற்பரப்பில் தாங்கியிருக்கின்றன. அதன் வழியாகத்தான் டி செல்கள் என்னும் வேறொரு வகை நோய் எதிர்ப்புச் செல்கள் கெட்டுப்போன செல்லை இனங்காணுகின்றன. டி செல்லிடம் அகப்படாமலிருக்க அப்புரதத்தையே மறைத்துவிடும் புற்றுச் செல்கள் உண்டு. ஆனால் அந்த மறைப்பே கொல்லி செல்லுக்குத் துப்பாகிவிடுகிறது என்பதை, சுவீடனின் கிளாஸ் கார்ரே குழுவினர் 1986-இல் எலிகளில் செய்த ஆய்வால் காட்டினர். கொல்லி செல் சுரக்கும் பெர்ஃபோரின் என்னும் புரதம் துளையிட, கிரான்சைம் நொதிகள் உள்ளே புகுந்து புற்றுச் செல்லைத் தானே மடியச் செய்கின்றன.

துண்டறிக்கையில் ‘ஜப்பானில் நிரூபிக்கப்பட்டது’ என்றும் ஒரு வரி இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்று, 3,625 பேரை 11 ஆண்டுகள் கவனித்து, இவ்வகைக் கொல்லும் திறன் குறைந்தவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் வந்ததாகச் சொன்னது மெய்தான். ஆனால் வந்துவிட்ட நோயைப் பொடி தின்று ஆற்றலாம் என்று அது எங்கும் சொல்லவில்லை. கட்டிகளோ இச்செல்களை முடக்கும் பொருள்களைத் தாமே சுரப்பவை. எண்ணிக்கை கூடினால் மட்டும் போதாது. அமெரிக்காவில் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்து மரபணு மாற்றிய கொல்லி செல்களைச் செலுத்தியபோது, 11 ரத்தப் புற்று நோயாளிகளில் 8 பேருக்குப் பலன் கிடைத்ததாக 2020-இல் அறிவித்தார்கள். அது ஆய்வகத்தில் வளர்த்து நரம்பில் ஏற்றும் சிகிச்சை. டப்பாவில் அடைத்து விற்பதல்ல.

இதைவிட வேதனையானது ஒன்று உண்டு. மருத்துவமனைகளில் டிரிப் மூலம் ஏற்றும் ரிட்டுக்சிமாப், டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள் புற்றுச் செல்லில் ஒட்டிக்கொண்டு, இதே கொல்லி செல்களை அங்கே வரவழைத்தும் வேலை செய்கின்றன. ஸ்கேன் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு விடியற்காலைப் பேருந்தில் புதுச்சேரி ஜிப்மருக்குப் புறப்படும் நம் மாவட்டத்து ஏழை நோயாளி, இந்தத் தாளை நம்பிப் பயணத்தை நிறுத்தினால், கொல்லி செல்லுக்கு உண்மையிலேயே துணைபோகும் மருந்தைத்தான் இழப்பார்.

புற்றுநோயைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் இத்துண்டறிக்கையை அச்சிட்டவர்கள் மீதும் கொடுத்தவர்கள் மீதும் நடவடிக்கை எடுக்க வேண்டும். நாளிதழ் முகவர்களும் காசுக்காக எதையும் செருகாமல், என்ன தாள் என்று ஒருமுறை படித்துப் பார்க்குமாறு தங்கள் நிறுவனம் அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.