செத்தவர் சட்டையை ஏன் வாங்குகிறேன்

லூயிவில், கென்டக்கி

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். பனி இன்னும் விடவில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் வீட்டில் இருப்பதுமாக மாசம் ஓடிவிட்டது.

போனில் அம்மா திட்டியது உங்களுக்கும் கேட்டிருக்கும். “செத்தவன் உடுப்பைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குள்ள வைப்பியா?” என்கிறாள். அவளுக்கு என்னால் விளக்க முடியவில்லை. நீங்கள் தையல்காரர், உங்களுக்குப் புரியும்.

இங்கே வயதானவர் இறந்துவிட்டாலோ முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாலோ வீட்டை அப்படியே திறந்துவைத்து விற்கிறார்கள். எஸ்டேட் சேல் என்று பெயர். கரண்டியிலிருந்து கட்டில் வரை விலைச் சீட்டு ஒட்டியிருக்கும். யார் வேண்டுமானாலும் படுக்கையறை அலமாரி வரைக்கும் போகலாம். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்படி ஒரு வீட்டில்தான் அந்துருண்டை வாசனையோடு இந்த அமெரிக்க ராணுவ ஜாக்கெட் கிடைத்தது. இடுப்போடு நிற்கும் கம்பளி ஜாக்கெட், 1944 மாதிரி. இரண்டாம் உலகப் போரில் தளபதியாக இருந்த ஜெனரல் ஐசன்ஹோவர் பெயரால் ‘ஐக் ஜாக்கெட்’ என்பார்கள். விற்றவர்களுக்கு அது யாருடையது என்றே தெரியவில்லை.

ராணுவ அலுவலகத்தில் கேட்கலாமே என்பீர்கள். செயின்ட் லூயிஸில் இருந்த ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலை 12 அன்று தீப்பிடித்து, 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்துபோயின. நகலும் கிடையாது. 1912 நவம்பருக்கும் 1960க்கும் இடையில் தரைப்படையிலிருந்து வெளியேறியவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் அதோடு போயிற்று. அதனால் பல பேருக்குச் சட்டைதான் மிச்சமிருக்கும் சாட்சி.

இந்த ஜாக்கெட் என்ன சொல்கிறது என்று பாருங்கள். காலரில் இருக்கும் வட்ட வில்லையில் கோட்டைச் சின்னம், அப்படியென்றால் இன்ஜினியர் படை. கையில் இரண்டு பட்டை, கீழே ‘டி’ எழுத்து. அது தொழில் தெரிந்தவருக்கான பதவி, 1942 முதல் 1948 வரைதான் இருந்தது. இடது கை முனையில் தங்க நிறத்தில் நான்கு சின்னக் கோடுகள். ஒரு கோட்டுக்கு ஆறு மாதம் வெளிநாட்டுச் சேவை, ஆக இரண்டு வருடம். வலது பைக்கு மேலே கழுகுச் சின்னம், மரியாதையாக விடுவிக்கப்பட்டார் என்பதற்கு. உள்ளே ஓர் எழுத்தும் நான்கு எண்களும் முத்திரை குத்தியிருக்கின்றன: குடும்பப் பெயரின் முதல் எழுத்து, படை எண்ணின் கடைசி நான்கு இலக்கம். சலவைக்குப் போட்டது மாறிவிடாமல் இருக்க.

இடது தோளில் இருப்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கேடய வடிவம், கீழே சிவப்பு வெள்ளைக் கோடுகள், மேலே நீலத்தில் சீனாவின் சூரியனும் இந்தியாவின் நட்சத்திரமும். சீனா-பர்மா-இந்தியா போர்முனையின் பேட்ஜ் அது. மனிதர் நம் நாட்டில் இருந்திருக்கிறார் அப்பா! அஸ்ஸாமின் லேடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்குச் சாலை போட்ட இன்ஜினியர்களில் ஒருவராக இருக்கலாம், உறுதியில்லை. அங்கே வேலை செய்த சுமார் 15,000 அமெரிக்கர்களில் பாதிக்கு மேல் கறுப்பின வீரர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்தச் சாலையில் செத்தார்கள். முதல் வண்டி வரிசை 1945 பிப்ரவரியில்தான் சீனாவின் குன்மிங் நகருக்குப் போய்ச் சேர்ந்தது.

போலிகளும் ஏராளம். பிப்ரவரியில் இந்த ஊரிலேயே ‘ஷோ ஆஃப் ஷோஸ்’ என்று பெரிய ராணுவப் பொருள் சந்தை கூடுகிறது. அங்கே அனுபவசாலிகள் துணியின் முகத்தைப் பார்ப்பதே இல்லை, நீங்கள் கடையில் செய்கிற மாதிரி உடனே திருப்பித் தையலைப் பார்க்கிறார்கள். புற ஊதா விளக்கும் கையில் உண்டு. போருக்குப் பிறகு வந்த பாலியஸ்டர் நூல் பெரும்பாலும் பளிச்சென்று மின்னும், பழைய பருத்தி நூல் மின்னாது. ஆனால் அசல் துணியையே பின்னாளில் யாராவது டிடர்ஜென்டில் துவைத்திருந்தாலும் மின்னித் தொலைக்கும். அதனால் விளக்கை மட்டும் நம்புகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இன்னொன்று, எதை வேண்டுமானாலும் விற்கலாம் என்றில்லை. இவர்களின் உச்ச விருதான மெடல் ஆஃப் ஹானரை விற்பது சட்டப்படி குற்றம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த பேட்ஜ் அமெரிக்க மெஷின் வேலை இல்லை, ஜரிகை வேலை. போர்க்காலத்தில் இந்தியக் கைவினைஞர்கள் அமெரிக்க வீரர்களுக்கு இப்படித் தைத்துக் கொடுத்தது உண்மை. ஆனால் இதே வேலையை இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இன்றைக்கும் செய்கிறார்கள், அதுதான் சிக்கல். ஜரிகை கறுத்திருக்கிறது. அதைக் கறுக்க வைக்கவும் ஆள் இருக்கிறார்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் பெரிதாகப் படமெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ஜரிகையைப் பிடிக்கிற நூல் பருத்தியா, எல்லாத் தையலும் ஒரே கையா, பின்னால் ஒட்டிய துணி பழசுதானா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் தயங்காமல் போலி என்றே சொல்லுங்கள். அம்மாவிடம் ஜாக்கெட் தனிப் பெட்டியில், பூஜை அலமாரிக்கு எட்டாத அறையில் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். முட்டி வலிக்கு எண்ணெய் தேய்க்க மறக்க வேண்டாம்.

அன்பு மகன்,
செல்வம்